மீன்காரர் ஹார்னும் என் டிகிரியும்

பிப்ரவரி 24, செவ்வாய். நோன்பு 6

காலையில் பனி. ஏரிக்கரையே தெரியவில்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை போட வேண்டும். இன்னும் போடவில்லை.

கல்லூரிக்குப் போய் போர்டைப் பார்த்தேன். அரியர் ப்ராக்டிகல் மார்ச் 11. தேர்தலுக்குக் கட்டடத்தைக் கேட்பார்களாம், அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே முடிக்கிறார்களாம். ஏப்ரல் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். இப்போது நோன்பு மாதத்துக்குள் வந்து விழுந்துவிட்டது.  

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பட்டம் வாங்க வேண்டியவை, பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது:

தமிழ், ஆங்கிலம் – பாஸ்.
மேஜர் பேப்பர்கள் – எல்லாம் பாஸ்.
துணைப்பாடம் கணக்கு – தட்டுத் தடுமாறி. ஆனால் பாஸ்.
சுற்றுச்சூழல் – பாஸ். அதில் யார்தான் ஃபெயில்?
என்.எஸ்.எஸ். – வில்லியனூர் பக்கம் கேம்ப். மரக்கன்று நட்டது, சாம்பார் சாதம் தின்றது. சர்ட்டிபிகேட் பீரோவில்.
வருகை – தேவைக்கு மேலேயே.
பருமனறி ப்ராக்டிகல் (கரைசலை அளந்து பார்ப்பது) – ஃபெயில்.

கடைசி வரிதான் ஒரு வருஷமாக என்னை அத்தா கடையில் கயிறு வெட்ட வைத்திருக்கிறது. என் கூடப் படித்தவர்கள் எல்லாம் டிகிரி வாங்கிவிட்டார்கள். என் தோழி கலை அதே கல்லூரியில் எம்.எஸ்ஸி.யே சேர்ந்துவிட்டாள். நான் பி.எஸ்ஸி. மைனஸ் ஒன்று.

போன வருஷம் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் சிரிக்க உதவும். பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய். அளந்து எடுக்க வேண்டிய கரைசலை அதில் வாயால் உறிஞ்சிக் கோடு வரை ஏற்றி, மேல் முனையை விரலால் மூட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் அவசரக்காரி. ஒரே இழுப்பு. இரும்புக் கரைசல் தொண்டை வரை வந்துவிட்டது. துப்புவதற்கு ஓடி, கொப்பளித்து, அழுது, திரும்பி வந்தால் கையில் நேரம் மிச்சம் இல்லை. துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு சுவை, இரண்டு நாள் போகவில்லை.

"அயர்ன் மாத்திரதானடி, ஒடம்புக்கு நல்லது" என்றாள் கலை. அன்றைக்கு அவளைக் கொன்றிருப்பேன்.

போன மாதம் மருந்து கம்பெனி இன்டர்வியூவில் எல்லாம் சரியாகச் சொன்னேன். "டிகிரி எடுத்துட்டு வா, ஜூன்ல சேர்ந்துக்கலாம்" என்றார்கள். லேபில் வேலை. வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டில் என் பெயர். நினைத்தாலே இனிக்கிறது. இந்த முறை விட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி வைப்பார்கள். கம்பெனி காத்திருக்காது.

பிப்ரவரி 25, புதன். நோன்பு 7

வெயில். வழியெல்லாம் ரோட்டில் வைக்கோல் காயப் போட்டிருக்கிறார்கள். பஸ் அதன் மேலேயே ஏறிப் போனது, யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஹெச்.ஓ.டி. மேடம் நல்லவர். மதியத்தில் லேபுக்கு வந்து பழகிக்கொள்ள அனுமதி கொடுத்தார். பிப்பெட்டைக் கையில் எடுத்தேன். வாயருகே கொண்டு போனேன். வைத்துவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"நோன்பு மேடம்."

"முழுங்காம செய்யலாமே. எல்லாரும் செய்றாங்களே."

"எனக்கு வந்துடும் மேடம். போன வருஷம் நீங்கதான் தண்ணி பாட்டில் குடுத்தீங்க."

மேடத்துக்கு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. பீரோவைத் திறந்து, இதற்கென்றே இருக்கும் ரப்பர் பந்தைத் தேடி எடுத்தார். வாய்க்குப் பதிலாக அதை அமுக்கி விட்டால் கரைசல் ஏறும். ஆனால் அது உருகிப்போய், மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி பீரோ தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். எப்போது வரும் என்று மேடத்துக்கே தெரியாது.

ராத்திரி தொழுகை முடிந்து வந்த அத்தா, பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டேன் என்றார். வேண்டுமென்று விழுங்கினால்தான் பிரச்சினை, கவனமாகச் செய்யச் சொல் என்றாராம்.

"இவளா? கவனமாவா?" என்று அம்மா கேட்டாள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் உண்மை அதுதான். என் வாயை நான் நம்ப மாட்டேன்.

"அன்னிக்கி ஒரு நாளு வுட்டுட்டு அப்புறமா புடிச்சுக்கோயேன்" என்றும் அம்மா சொல்லிப் பார்த்தாள். மாட்டேன். இது மார்க்கம் மட்டும் இல்லை, என் பிடிவாதமும்தான். ஒரு கண்ணாடிக் குழாய்க்குப் பயந்து நோன்பை விட்டேன் என்று இருக்கக் கூடாது. போன வருஷம் ஒரு முறை அதனிடம் தோற்றது போதும்.

பிப்ரவரி 27, வெள்ளி. நோன்பு 9

நேற்று பாண்டியில் சயின்ஸ் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். ரப்பர் பந்து ஸ்டாக் இல்லை. "ஆர்டர் போட்டா வரும்மா" என்றார். அதை நானே போனில் போட்டேன். வந்து சேரும் நாள் என்று ஒரு தேதி காட்டியது. நேற்று இரவு ஒன்று, இன்று காலை வேறொன்று, மதியம் இன்னொன்று. போகப் போகப் பின்னால் போகிறது. நம்பிக்கை இல்லை.

அத்தா விட்டாரா? கடையில் கயிறு, வாளி, மோட்டார் ஓஸ், சாக்கு. உலகத்தில் எந்தப் பிரச்சினையும் இந்த நான்கில் ஒன்றால் தீரும் என்பது அவர் எண்ணம். மெடிக்கலில் இருந்து பெரிய ஊசி சிரிஞ்ச் வாங்கிவந்து, சின்ன ஓஸ் துண்டு போட்டுப் பிப்பெட்டில் மாட்டினார். பிப்பெட் கலையுடையது, உடைத்தால் அவள் என்னை உடைப்பாள்.

இழுத்தோம். பாதிதான் ஏறியது. மறுபடி இழுப்பதற்குள் ஏறியது இறங்கிவிட்டது. ஓரத்தில் காற்று போனது.

"அரை இஞ்ச் போட்டுப் பாக்கறேன்."

"அத்தா, இது போர்வெல் இல்ல."

"தண்ணி ஏத்தறதுன்னா எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் வரை விடவில்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே அடுத்த ஓஸ் துண்டை வெட்டினார். எனக்காக இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சமோசாவை அவர் தட்டுக்குத் தள்ளினேன்.

மார்ச் 1, ஞாயிறு. நோன்பு 11

கடலோரம் நல்லவாடு குப்பத்தில் கலை வீட்டுக்குப் போனேன், கணக்கீடு சொல்லித் தருகிறேன் என்றாள். கடல் காற்று. முக்காடு நிற்கவே இல்லை. மணலில் வலை விரித்து ஆள் ஆளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கலையின் அண்ணன் குமார். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, தவளக்குப்பம், அபிஷேகப்பாக்கம் வழியாக பாகூர் வரை தெருத் தெருவாக மீன் விற்பவர். எங்கள் தெருவுக்கும் அவர்தான். அவர் ஹார்ன் சத்தம் கேட்டால் அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு செருப்பு போடாமல் ஓடுவாள். ஹேண்டில்பாரில் பித்தளைக் குழல், அதன் அடியில் கறுப்பாக, கையடக்கமாக ஒரு ரப்பர் பந்து. அமுக்கினால் பாம், விட்டால் பாம்.

வியாபாரம் முடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கி, உள்ளே போன தண்ணீரைப் பீய்ச்சினார். மறுபடி வாளிக்குள் விட்டுக் கையைத் தளர்த்தினார். பந்து தண்ணீரைச் சர்ரென்று உறிஞ்சியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கலை. அதப் பாரு."

"இன்னா? ஹார்னு."

"அதாண்டி பந்து!"

கலைக்கு ஒரு நொடி ஆனது. அப்புறம் அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

குமார் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னோம். ஆசிட், பரீட்சை, நோன்பு, வாய், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"இத்த வச்சு பி.எஸ்ஸி. பாஸ் பண்ணுவியா?"

"பண்ணுவேண்ணா."

"அப்ப எடுத்துக்கோ. நான் வாயால கூவிக்கிறேன். நீ வாயால இழுக்காத."

குழலில் இருந்து திருகிக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட் அம்மா மூக்கை உறிஞ்சி, உறிஞ்சி, "கருவாடா பாப்பா?" என்று கேட்டார்.

மார்ச் 4, புதன். நோன்பு 14

பந்து கழுவிய விதம்: சோப்புத் தூள், வெந்நீர். பிறகு எலுமிச்சைத் தோல். பிறகு சீயக்காய். உள்ளே இருந்து நாலு செதில் வந்தது. வாசம் இன்னும் இருக்கிறது, ஆனால் பழகிவிட்டது.

பந்தின் வாய் பெரிது, பிப்பெட் சிறிது. நடுவில் அத்தாவின் ஓஸ் துண்டு இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. கச்சிதம். "நான் அப்பவே சொன்னேனா இல்லியா" என்று அத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வாளி வாங்க வந்த ஒருவர், "எந்த மோட்டாருக்கு பாய்?" என்று கேட்டாராம்.

பழகுவதற்கு ரோஸ் சர்பத். கலர் இருந்தால் கோடு தெரியும். முதல் தடவை பந்தை முழுசாக அமுக்கி ஒரேயடியாக விட்டேன். சர்பத் பிப்பெட்டைத் தாண்டி, ஓஸ் தாண்டி, பந்துக்குள். பதறிப்போய் மறுபடி அமுக்கினேன். வெளியே வந்த சர்பத் நேரே அம்மாவின் வெள்ளைத் தொழுகைத் துணி மேல்.

"நஸ்ரின்!"

அரை மணி நேரம் திட்டு. அதில் என் பிறப்பு, வளர்ப்பு, அத்தாவின் செல்லம், கெமிஸ்ட்ரி என்கிற பாடம், எல்லாம் வந்தது. அப்புறம் அவளே, "குடு, நான் பாக்கறேன்" என்று வாங்கினாள். மெதுவாக அமுக்கினாள். மெதுவாக விட்டாள். கோட்டில் வந்து நின்றது. ஒரு மயிரிழை மேலே இல்லை.

"எப்பிடிம்மா?"

"மாவுல கை வைக்கிறவளுக்குத் தெரியாதா? அவசரப்படாம வுடு. அவ்ளோதான்."

இடியாப்ப உரலைப் பிழியும் கை அது. எனக்கு அந்தக் கை வரவில்லை, ஆனால் பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு பக்கத்தில் வந்துவிட்டேன். சர்பத் முழுக்க பாழ். நோன்பு திறக்கும்போது குடிக்க வெறும் தண்ணீர்தான். அத்தா அதையே இரண்டு டம்ளர் குடித்தார்.

மார்ச் 7, சனி. நோன்பு 17

காலையில் தெருவில் ஒரு குரல். "மீனேய்... வஞ்சிரம், சங்கரா, நெத்திலீய்..." கரகரவென்று, பாதியில் உடைந்து. யாரோ உடம்பு சரியில்லாதவர் என்று நினைத்து எட்டிப் பார்த்தால் குமார் அண்ணன்.

தொண்டை போய்விட்டது அவருக்கு. ஹார்ன் இல்லாமல் வந்ததால் பாதித் தெருவுக்கு அவர் வந்ததே தெரியவில்லையாம். எனக்குக் குற்ற உணர்ச்சி பொங்கியது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"நாளு இருக்குல்ல? திங்கக்கெழம வரைக்கும் நான் வச்சிக்கிறேன். செவ்வாய் கலைகிட்ட குடுத்து வுடறேன்" என்றார். தேறிவிட்டது அவர் முகம். மாட்டிய உடனே ஒரு அமுக்கு. பாம்! தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. அம்மா சட்டியோடு முதல் ஆளாக.

கைப்பழக்கம் வந்துவிட்டது, மூன்று நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கணக்கீடு போட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மா 27-ஆம் நோன்புக்குச் சாமான் எழுதச் சொன்னாள். வருஷா வருஷம் அன்றைக்குத் தெருவுக்கே கஞ்சி காய்ச்சுவாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், புதினா, தேங்காய், கறி. எழுதும்போதே எச்சில் ஊறியது. இது நோன்பு முறிந்த கணக்கில் வருமா என்று ஹஜ்ரத்திடம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய். நோன்பு 20

கலை பந்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். துணியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு. "அண்ணன் நாளைக்குத் தொறன்னு சொல்லிச்சு. ஏதோ ரெடி பண்ணிக் குடுத்திருக்குதாம்."

படித்தது ஏறவில்லை. எட்டுத் தடவை வாசித்த பக்கம் புதிதாகத் தெரிகிறது. கிளம்புவதற்கு எடுத்து வைத்தவை: ஹால் டிக்கெட், ரெக்கார்டு, பந்து, ஓஸ், கால்குலேட்டர், லேப் கோட்டு. கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பாக்கெட்டில் பெயர் இல்லை. இருந்தால் எப்படி இருக்கும் என்று விரலால் எழுதிப் பார்த்தேன். பயமாக இருக்கிறது. ரொம்ப.

மார்ச் 11, புதன். நோன்பு 21

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

லேபில் என்னைத் தவிர எல்லாம் ஜூனியர்கள். "அக்கா, நீங்க எங்களுக்கு இன்விஜிலேட்டரா?" என்று ஒருத்தி கேட்டாள். வேண்டுமென்று கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலி. பரீட்சை வைக்க வெளியூரில் இருந்து வந்த எக்ஸ்டர்னல் மேடம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

கேள்வி: இரும்பின் அளவைக் கண்டுபிடி. அதே இரும்பு! என் இரும்பு!

துணியைப் பிரித்தேன். பந்து பளபளவென்று கறுப்பு வைரம் மாதிரி. மகிழ்ந்து போனேன். மாட்டினேன், அமுக்கினேன், அம்மா கை மாதிரி மெதுவாக விட்டேன். கோட்டில் நின்றது. கரைசலை இறக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். பிப்பெட் சுவரில் துளித் துளியாக ஒட்டி நிற்கிறது. சுத்தமான கண்ணாடியில் அப்படி நிற்கவே நிற்காது. எண்ணெய் இருந்தால்தான் நிற்கும்.

பந்தை மூக்கருகே கொண்டு போனேன். மீன் வாசமே இல்லை. தேங்காய் எண்ணெய்.

"ஏதோ ரெடி பண்ணிக் குடுத்திருக்குதாம்." உப்புக் காற்றில் ரப்பர் வெடித்துவிடும் என்று அவர்கள் ஊரில் ஹார்னுக்கு எண்ணெய் போடுவது வழக்கமாம். எனக்காக உள்ளே வெளியே எல்லாம் தாராளமாகத் தடவி, பளபளக்க வைத்து அனுப்பியிருக்கிறார். பாசத்தால் ஒரு மனுஷன் செய்த காரியம். அமுக்கி விட்டதில் அது ஓஸ் வழியாகப் பிப்பெட்டுக்குள் இறங்கிவிட்டது.

ஒட்டிக்கொண்ட துளிகள் குடுவைக்குப் போகாதவை. அளவு குறையும், விடை தப்பும். மறுபடி அதே ஃபெயில்.  பக்கத்து மேசையில் ஜூனியர்கள் வாயால் இழுத்து முதல் ரீடிங்கே எடுத்துவிட்டார்கள். நானும் வாயில் வைத்துவிடலாமா என்று ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், தோன்றியது.

இல்லை. அவசரப்படாம வுடு.

வாஷ் பேசினில் கை கழுவும் சோப்பு இருந்தது. பிப்பெட், ஓஸ், பந்து மூன்றையும் சோப்பு நீரில் அலசினேன். மறுபடி. மறுபடி. பந்தின் உள்ளே துப்பட்டா முனையை விரலால் திணித்துத் துடைத்தேன். புது துப்பட்டா. பிறகு காய்ச்சி வடித்த நீர். தண்ணீர் ஏற்றி இறக்கினேன். சுவரில் ஒரு துளிகூட நிற்காமல் வழுக்கி இறங்கியது. அந்த நேரத்தில் அதைவிட அழகான காட்சி உலகத்தில் எதுவும் இல்லை.

திரும்பினால் எக்ஸ்டர்னல் மேடம் நிற்கிறார்.

"என்னம்மா இது?"

"மீன்காரர் ஹார்ன் மேடம்."

லேபே நின்றது. ஹெச்.ஓ.டி. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்டர்னல் அதைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். ஓஸ் துண்டுகளைப் பார்த்தார். ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

"எதுக்கு?"

"நோன்பு வச்சிருக்கேன் மேடம். வாயால இழுக்க முடியாது. அதுவும் இல்லாம போன வருஷம் முழுங்கிட்டேன்."

"மத்தவங்க எல்லாம்?"

எல்லாரும் வாயில் பிப்பெட்டோடு திரும்பிப் பார்த்தார்கள்.  அவர் ஹெச்.ஓ.டி.யை ஒரு பார்வை பார்த்தார், பிறகு பந்தை என்னிடமே கொடுத்தார். "செய்." அவ்வளவுதான்.

செய்தேன். பியூரெட்டில் இருந்து பர்மாங்கனேட் ஊதா ஊதாவாக விழுந்து மறைந்தது. விழுந்து மறைந்தது. கடைசியில் ஒரே ஒரு சொட்டு, குடுவையில் ரோஸ் மில்க் குடித்த டம்ளரைக் கழுவிய தண்ணீர் மாதிரி மெல்லிய கலர் வந்து நின்றது. போகவில்லை. கலர் நிற்கிற இடம்தான் ரீடிங். இரண்டாவது தடவையும் அதே ரீடிங். அதே! புள்ளிக்குப் பின்னாலும் அதே! வாய்விட்டுக் கத்தியிருப்பேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன். கணக்கைப் போட்டு முடித்ததும் மணி அடித்தது.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: "பிப்பெட்டை ஏன் வாயால உறிஞ்சக் கூடாது?"

"ருசி நல்லா இருக்காது மேடம்."

சிரித்துவிட்டார். சத்தியமாகச் சிரித்தார். அதற்கப்புறம் கேட்டது எல்லாமே எனக்குத் தெரிந்தது. தெரியாததுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் ஜூனியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, நாளைக்கு எங்களுக்கு ஆர்கானிக் ப்ராக்டிகல், ஒரு நாளு குடுங்கக்கா." முடியாது, வியாபாரத்துக்குப் போக வேண்டிய பந்து என்றேன். கலை வாசலில் நின்றாள். எண்ணெய் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லாதடி, அழுதுடும்." சொல்ல மாட்டேன். ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 13, வெள்ளி. நோன்பு 23

போனில் ஆர்டர் போட்ட ரப்பர் பந்து வந்துவிட்டது. சிவப்பு. அழகு. மூன்று வால்வு. பரீட்சை முடிந்து வந்து நிற்கிறது. லேபுக்குக் கொடுத்துவிடலாம்.

மார்க் போர்டில் போட இன்னும் சில நாள் ஆகுமாம். ரீடிங் சரி. கணக்கு சரியா? ராத்திரி படுக்கையில் மனசுக்குள் மறுபடி பெருக்குகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை. பகலில் கடையில் கயிறு வெட்டினேன். இருபது அடி கேட்டவருக்கு முப்பது அடி. அத்தா கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 17, செவ்வாய். நோன்பு 27

புழுக்கம். காலையில் இருந்தே அம்மா அடுப்பில். வீட்டிலேயே பெரிய பாத்திரமான தேக்சாவை ஏற்றியிருந்தாள். பூண்டு உரித்தேன், புதினா ஆய்ந்தேன், தேங்காய் துருவினேன். கல்லூரிக்குப் போகத் தைரியம் இல்லை. கலைதான் அங்கே இருக்கிறாளே, போர்டில் போட்டால் சொல்வாள்.

மதியம் முழுக்க போனைப் பார்த்தேன். கலை எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பார்த்தாள், பதில் இல்லை. அப்படியென்றால் ஃபெயில். எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறாள். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கண்ணீர் வந்தது. "பொகைம்மா" என்றேன். கேஸ் அடுப்பு.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, அத்தா கடையை மூடிவிட்டு வந்த நேரம். தெருக்கோடியில் ஹார்ன்.

பாம். பாம். பாம் பாம் பாம் பாம்.

"சாயங்காலம் இன்னா மீனு?" என்றாள் அம்மா. தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. ஆளாளுக்குச் சட்டி, தட்டு, கிண்ணம். அம்மா மாதிரியே செருப்பில்லாமல். குமார் அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, விடாமல் அமுக்கிக்கொண்டு வருகிறார். பின்னால் ஐஸ் பெட்டி இல்லை. பெட்டி இருக்கும் இடத்தில் கலை உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டுகிறாள்.

"மீன் எங்கப்பா?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார்.

"மீனு இல்லக்கா! நம்ம நஸ்ரினு பாஸு! நம்ம ஹார்னு பாஸு!"

கலை குதித்து ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். "அண்ணன்தாண்டி போன்ல சொல்லாதன்னுச்சு. ஹார்ன் அடிச்சுத்தான் சொல்லணும்னு ஒரே அடம்." அவளை அடித்தேன், கட்டிப்பிடித்தேன், மறுபடி அடித்தேன். அத்தா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டிகிரி," என்றார். அதையே மறுபடி மறுபடி சொன்னார்.

தெருவே சட்டியோடு நிற்கிறது. மீன் இல்லை. வெறுங்கையோடு போகவும் யாருக்கும் மனசில்லை. அம்மா உள்ளே போய்த் தேக்சாவை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். கரண்டியை எடுத்தாள்.

மீன் சட்டி ஒவ்வொன்றிலும் கஞ்சி. ஆவி பறக்க. குமார் அண்ணனுக்கு இரண்டு கரண்டி கூட. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அத்தாவும் நானும் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறோம், வாயில் ஊறுகிறது.